பறித்த பக்கம்

எங்கள் தோப்பு மாமரங்கள் எல்லாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டது போலத்தான் நடந்துகொள்ளும். ஒரு வருஷம் எல்லா மரமும் சேர்ந்து காய்க்கும். கிளைக்கு முட்டுக் கொடுக்க மூங்கில் தேடி அலையவேண்டியிருக்கும். மறு வருஷம் எல்லா மரமும் சேர்ந்து கையை விரித்துவிடும். பூ வரவேண்டிய தை மாதத்தில் செம்பு நிறத்தில் தளிர் விட்டுக்கொண்டு, பார்வைக்கு அழகாக, ஒன்றுக்கும் உதவாமல் நிற்கும்.

அப்படிப்பட்ட வருஷங்களில் வீட்டில் யாரும் அண்ணனிடம் வாய் கொடுக்கமாட்டோம். அவன் சாயங்காலமானால் அண்ணாந்து பார்த்தபடி மரத்துக்கு மரம் நடப்பான். கழுத்து வலிக்கிறது என்று வந்து உட்காருவான். "ஒண்ணுல கூடவா பூ இல்ல?" என்று அண்ணி கேட்டால், "நீ வேணா போய்ப் பாத்துட்டு வா" என்பான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான்.

அப்பா இறந்த பிறகு தோப்பும் அதை ஒட்டிய வாழைக்கொல்லையும் அண்ணன் பொறுப்பில் இருந்தன. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய இடம். வீடும் தோப்புக்குள்ளேயே. நான் தென்னூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். காலையில் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டிப் போய், சாயங்காலம் அதேபோல் திரும்பி வருவேன். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் "இந்த வருஷம் மா காய்க்கட்டும்" என்று அண்ணன் சொல்வான். காய்க்காத வருஷம் அந்தப் பேச்சே வராது. ஆக, மாமரங்களின் நடத்தையில் எனக்கும் ஒரு சொந்த அக்கறை இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் படித்த கல்லூரியில் லைப்ரரியைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரி, படித்து முடித்துப் போன பிறகும் என்னைப் பழைய பத்திரிகைகள் எடுத்துப் போக விடுவார். அதில் ஒன்று வெளிநாட்டு விவசாயப் பத்திரிகை. அட்டையே இல்லை. அதில்தான் ஆப்பிள் தோட்டத்தைப் பற்றிப் படித்தேன். அதுவரை ஆப்பிள் என்றால் எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். யாராவது பெரிய காய்ச்சலில் படுத்தால் ஒன்றோ இரண்டோ வாங்கிக்கொண்டு போய்க் கட்டிலருகே வைப்போம். அது மரத்தில் காய்க்கிறது என்பதையே நான் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த ஆப்பிள் மரத்துக்கும் எங்கள் மாமரத்துக்கு இருக்கிற அதே வியாதி என்று படித்ததும் பஸ்ஸிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு கொத்தில் நாலைந்து பிஞ்சு நின்றுவிட்டால் மரம் அத்தனைக்கும் சோறு போட்டுக் களைத்துப்போகிறது. அடுத்த வருஷத்துப் பூமொட்டு வைக்க அதனிடம் தெம்பு இருப்பதில்லை. ஆகவே பிஞ்சு சிறிதாக இருக்கும்போதே கொத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுகிறார்கள். காயும் பெரிதாகிறது, மறு வருஷமும் பூக்கிறது. இதில் கஷ்டமான விஷயம் கிள்ளுவது அல்ல. எது தானாக உதிரும், எது நிற்கும் என்று முன்னாலேயே கண்டுபிடிப்பதுதான். நாம் ஒன்றைக் கிள்ள, விட்டுவைத்ததை மரமே உதிர்த்துவிட்டால் இரண்டும் போச்சு.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அண்ணனிடம் கேட்டேன். "அண்ணே, எனக்கு ஒரு மரம் குடு."

"எதுக்கு? நாற்காலி பண்ணவா?"

"அடுத்த வருஷம் காய்ப்பு வருஷம்தானே. ஒரு மரத்துல நான் சொல்ற மாதிரி பண்ணிப் பாக்கலாம்." படித்ததை எல்லாம் சொன்னேன்.

அவன் முழுக்கக் கேட்டான். மோரை ஊற்றிக்கொண்டு, "நம்ம மரத்துல நின்னதைவிட உதுந்ததுதான் அதிகம். அது உதுக்கறது பத்தாதுன்னு நீ வேற பறிக்கணுங்கிறியா?" என்றான்.

"அதனாலதான் எது உதிரும்னு மொதல்ல பாக்கணுங்கிறேன்."

"பூத்ததெல்லாம் காய்க்காது, காய்ச்சதெல்லாம் பழுக்காது. இதுக்கு எதுக்கு பி.எஸ்ஸி.?"

இந்த வாசகத்தை அந்த இரண்டு வருஷத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டேன் என்று கணக்கே இல்லை. பால்காரர் சொல்லியிருக்கிறார். எங்கள் தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். முசிறியிலிருந்து வந்து எங்கள் தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசும் வியாபாரி வருஷா வருஷம் சொல்வார். சொல்லிவிட்டு, அண்ணாந்து பார்த்து, "இந்தத் தடவ கிளை முறியுங்க" என்றோ "பாதிதாங்க நிக்கும்" என்றோ அடித்துச் சொல்வார். அது நடந்ததும் உண்டு, நடக்காததும் உண்டு. நடக்காவிட்டால் அவர் வெட்கப்பட்டதில்லை. நான் ஒரு மரத்தைப் பார்த்து "தெரியல, பாத்துச் சொல்றேன்" என்றால் மட்டும் எல்லாருக்கும் சிரிப்பு.

கடைசியில் அண்ணன் ஒரு மரம் கொடுத்தான். வீட்டுக்குப் பின்னால் நின்ற பங்கனப்பள்ளி. ஒரு பக்கம் அடுக்களை வாசல், மறு பக்கம் கரைக்குப் போகிற வண்டிப்பாதை. வியாபாரியிடம் குத்தகை பேசும்போது அந்த மரத்தை மட்டும் விலக்கிப் பேசினான். "எந் தங்கச்சி அதுல பாடம் நடத்தப் போவுது" என்று அவரிடம் சொன்னான். கேலியாகத்தான் சொன்னான். ஆனாலும் கொடுத்தான் அல்லவா, அந்த நன்றி எனக்கு இருந்தது.

தையில் பூ வந்தது. எப்படி வந்தது என்கிறீர்கள்! இலையே தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிக் கொல்லைப்பக்கம் நடந்து வரும்போதே வாசனை வந்து எதிர்கொள்ளும். மூடுபனி விழுந்து பூவைக் கருக்கிவிடுமோ, தத்துப்பூச்சி வந்துவிடுமோ என்று தினமும் பயந்தேன். அந்த வருஷம் இரண்டும் எங்களை விட்டுவைத்தன. பிஞ்சு கடுகளவாகி, மிளகளவாகி, பட்டாணியளவானது.

நான் ஏணியைப் போட்டு ஏறினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு டீச்சர் ஏணியில் நிற்பது தோப்பு வேலைக்கு வந்தவர்களுக்குப் பெரிய வேடிக்கை. அண்ணிதான் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வாள். "விழுந்து கிழுந்து வைக்காத. அப்புறம் எந்த மாப்பிள்ள வருவான்?" என்பாள். மரத்தைச் சுற்றி அங்கங்கே கொத்துகளைத் தேர்ந்தெடுத்துக் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். நூல் கட்டிய கொத்தில் இருக்கிற ஒவ்வொரு பிஞ்சையும் இன்னொரு நூலால் சுற்றி அளந்தேன். ஒரு வாரம் கழித்து மறுபடி ஏறி அதே பிஞ்சுகளை அளந்தேன்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவை அளந்தபோது புரிந்தது. ஒரே கொத்தில் ஒரு பிஞ்சு சுண்டைக்காய் அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்திலிருப்பது பட்டாணியிலேயே நிற்கிறது. பச்சையாகத்தான் இருக்கிறது, வாடவில்லை, பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வளரவில்லை. மூன்றாம் தடவை ஏறியபோது அந்த வளராத பிஞ்சுகளில் பெரும்பாலானவை உதிர்ந்திருந்தன. வளர்ந்தவை நின்றன. அப்படியானால் உதிரப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்! ஏணியில் நின்றுகொண்டே அண்ணியிடம் கத்தினேன். "அண்ணி, இது நிக்கும், இது நிக்காது, என்னால இப்பவே சொல்ல முடியும்!"

அண்ணி அண்ணாந்து பார்த்து, "இறங்கி வந்து சொல்லு" என்றாள்.

இனி கிள்ளவேண்டியதுதான் பாக்கி. நிற்கப் போகிற பிஞ்சுகளிலேயே கொத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுக்கவேண்டும். பங்குனி வந்துவிட்டது. நாளைத் தள்ளினால் மரம் எல்லாவற்றுக்கும் சோறு போட ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பறிக்கலாம் என்று கூடையை எடுத்து வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, பறிக்காத."

அண்ணிக்கு அப்போது நாலாம் மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து வந்த கரு. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அதற்கும் மாமரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவில்லை.

"ஏன் அண்ணி?"

"வீட்டுல நான் இப்படி இருக்கறப்ப பிஞ்சப் பறிச்சுப் போடலாமா? அதுவும் அந்த மரத்துலேருந்து?"

"அந்த மரத்துக்கு என்ன?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் கட்டிய சிவப்பு நூலைக் கரைக்குப் போகிற பெண்கள் வண்டிப்பாதையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று அண்ணி நேர்ந்துகொண்டு கட்டியது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். கேட்டவர்களிடம் அண்ணி முதலில் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. பிறகு, இல்லை என்று சொல்வதே அபசகுனமோ என்று பட்டு, சும்மா இருந்துவிட்டாள். மறுநாள் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். நான் கட்டாத மஞ்சள் நூல் நாலைந்து தாழ்ந்த கிளைகளில் தொங்கியது. ஒன்றில் சின்னத் துணித்தொட்டில்கூட இருந்தது.

எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? அண்ணியிடம் காட்ட முடியாது. முன்பின் தெரியாத பெண்களிடம் காட்ட முடியாது. தொட்டிலை அவிழ்க்கவும் கை வரவில்லை. "அண்ணி, உதிர்ற பிஞ்சு தானா உதிரத்தான் போவுது. நான் பறிக்கலேன்னாலும் நாளைக்குத் தரையில கிடக்கும்" என்றேன்.

"அது உதுந்தா அது தலையெழுத்து. நீ பறிச்சா அது வேற."

"நாட்டு மரத்துல வடு பறிக்கிறோமே. ஊறுகாய் ஜாடி நிறைய மாவடு போட்டு வைக்கிறீங்களே. அது பிஞ்சு இல்லையா?"

"அது ஊறுகாய்" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நான் கூடையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஒரு வாரம் போயிற்று. பிஞ்சுகள் நெல்லிக்காய் அளவைத் தாண்டிக்கொண்டிருந்தன. நான் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கொதித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் திட்டினேன். வீட்டில் நானும் அண்ணியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டோம். அண்ணன் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் ஒருநாள் பஞ்சாயத்துச் சொன்னான்.

"பாதி மரத்துல பறி. அடுக்களைப் பக்கம் தொடாத. வண்டிப்பாதைப் பக்கம் பறிச்சுக்க. அவ கண்ணுல படாது. உனக்கும் வேலையாச்சு."

"பாதி மரத்துல பண்ணா அது சரியான சோதனை இல்லண்ணே. வேர் ஒண்ணுதானே. இந்தப் பக்கம் மிச்சமாறது அந்தப் பக்கம் போயிடும்."

"அப்ப விட்டுடு."

விட முடியுமா? பாதி மரத்தில் பறித்தேன். அண்ணி உள்ளே படுத்திருக்கும்போது, ஏணியைச் சத்தமில்லாமல் கொண்டுபோய், திருடியைப் போல. மஞ்சள் நூல் கட்டிய கிளைகளை மட்டும் விட்டுவிட்டேன். கூடை நிறைந்தது. கூடையை அண்ணன் யாருக்கும் தெரியாமல் தலைச்சுமையாகச் சித்திரை வீதிப் பக்கம் கொண்டுபோய் வடு போடுகிறவர்கள் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தான்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடைமழை வந்தது. மழை கொஞ்சம்தான், காற்றுதான் அதிகம். கொள்ளிடத்து மணல் கண்ணில் அடித்தது. வாழை சாய்ந்தது. காற்று நின்றபோது மரத்தடியில் காய்கள் உருண்டு கிடந்தன. பறிக்காத பக்கத்தில் கொத்துக்கு மூன்று இருந்த இடத்தில் இரண்டோ ஒன்றோ மிஞ்சியது. பறித்த பக்கத்தில் கொத்துக்கு ஒன்றுதான் விட்டிருந்தேன். விழுந்த கொத்தில் வெறும் காம்பு.

அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வைகாசியில் காய் இறக்கியபோது பறித்த பக்கத்தில் கூடை நிறையவில்லை. இருந்த காய்கள் நல்ல பெரியவை, கையில் தூக்கினால் கனம் தெரியும். முசிறி வியாபாரி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "காய் சோக்கா இருக்குங்க. ஆனா எண்ணிக்கை இல்லியே" என்றார். பிறகு, பூத்ததெல்லாம் காய்க்காது என்று ஆரம்பித்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அன்று அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "இதோட முடியலண்ணே. உண்மையான பரீட்சை வர்ற தையிலதான். எல்லா மரமும் சும்மா நிக்கும். பறிச்ச பக்கம் மட்டும் பூக்குதான்னு பாக்கணும். பூத்துதுன்னா நான் சொன்னது சரி. பூக்கலேன்னா நான் இதைப் பத்திப் பேசவே மாட்டேன். அதுவரைக்கும் அந்த மரத்துல யாரும் கை வைக்கக் கூடாது."

"யாரு கை வைக்கப் போறா?" என்றான் அண்ணன்.

ஆவணியில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வண்டிப்பாதைப் பெண்கள் வந்து மரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அண்ணிக்கும் எனக்கும் பழையபடி பேச்சு வந்திருந்தது. குழந்தையைக் குளிப்பாட்ட என் மடியில் கொடுப்பாள். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாகவே இருந்தேன் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தின் வண்டிப்பாதைப் பக்கம் நிற்பேன். கிளை நுனிகள் கெட்டியாகி, இலைகள் கரும்பச்சையாகி, நல்ல மரமாக நின்றது. ஐப்பசி மழையும் அளவோடு பெய்தது.

மார்கழியில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். ஏகாதசிக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. இறங்கி நடந்து வரும்போது தூரத்திலிருந்தே வானம் வேறு மாதிரி தெரிந்தது. எங்கள் அடுக்களைக் கூரைக்கு மேலே முன்பு இல்லாத வெளிச்சம். கிட்டே வந்தேன். வண்டிப்பாதை முழுக்க மாங்கிளை கிடந்தது. மரத்தை நடுவில் பிளந்த மாதிரி ஒரு பக்கம் அப்படியே இருந்தது, மறு பக்கம் இல்லை. வெட்டிய இடங்களில் பால் வடிந்துகொண்டிருந்தது. மரத்தை உரசினாற்போல் புதிதாக ஒரு கம்பம் நின்றது.

அண்ணன் கிணற்றுப் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டு வந்தான். "பாப்பா, கரண்டு வந்துருச்சு! எழுதிப்போட்டு எவ்வளவு நாளாச்சு. இன்னிக்குத்தான் வந்தாங்க. இனிமே மோட்டார் போட்டுக்கலாம், ஏத்தம் எறைக்க வேண்டாம்."

"மரம்?"

"லைன் போற பாதையில கிளை இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. ரெண்டு பக்கத்துல எந்தப் பக்கம் வேணாலும் லைன் இழுக்கலாம், சொல்லுங்கன்னாங்க. அடுக்களைப் பக்கம் வேணாம்னுட்டேன். கோடைக்குப் புள்ளையத் தூளி கட்டிப் போட நெழல் வேணும்ல?"

நான் பையைக் கீழே போட்டேன். "அண்ணே, அது பறிச்ச பக்கம்."

அவனுக்கு உடனே புரியவில்லை. பிறகு முகம் மாறியது. "அட" என்றான். "மறந்தே போச்சு."

மறந்தே போச்சு. எனக்கு அப்போது வந்தது கோபம் என்று சொல்வது சரியா என்று தெரியவில்லை. "ஒரு மாசம். இன்னும் ஒரு மாசம் இருந்தா பூ வந்திருக்கும், வந்திருக்காது, ஏதோ ஒண்ணு தெரிஞ்சிருக்கும்" என்றேன். "உன்கிட்ட என்ன கேட்டேன்? யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதானே கேட்டேன்?"

"நான் வேணும்னா பண்ணேன்? பத்து வருஷமா இந்தக் கரண்டுக்கு நடந்திருக்கேன். வந்தவங்கள நாளைக்கு வாங்கன்னா திரும்பி வருவாங்களா? ஒரு மரத்துக்காக..."

"ஒரு மரம் இல்ல. பாதி மரம். பாதிதான் குடுத்தே. அதையும் வெட்டிட்டே."

அண்ணி குழந்தையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு எது எந்தப் பக்கம் என்று நன்றாகத் தெரியும். நான் பறித்தது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது என்பதை அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். "நான்தான் அன்னிக்கு அழுதேன். இல்லேன்னா முழு மரத்துலயும் பறிச்சிருப்பே" என்றாள் மெதுவாக. அவள் அப்படிச் சொன்னதும் அவளைக் கோபிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

கீழே கிடந்த கிளைகளிலிருந்து நுனிகளாகப் பார்த்து ஒடித்து ஒரு வாளித் தண்ணீரில் வைத்தேன். மொட்டுக்குள் இருப்பது பூவா இலையா என்பது அந்த மார்கழியிலேயே முடிவாகியிருக்கலாம். பிளேடால் நறுக்கிப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, பச்சையாக ஏதோ. பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் இருந்தது. ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனேன். மைக்ராஸ்கோப் இருந்த பீரோவின் சாவி இன்னொரு டீச்சரிடம். அவர் ஏகாதசிக்கு லீவு போட்டு, வந்த உறவுக்காரர்களைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே லீவு. அதற்கடுத்த நாளும் அவர் வரவில்லை. அவருடைய வீடு ஸ்ரீரங்கத்திலேயேதான் என்று கேள்விப்பட்டுத் தேடிக்கொண்டு போனேன். தெரு முழுக்கக் கூட்டம். இடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால் வீடு பூட்டியிருந்தது. கடைசியில் பீரோ திறந்தபோது நுனிகள் பழுப்பாகிச் சுருங்கிவிட்டன. வாளியில் வைத்தவையும் அப்படியே. நறுக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த செதில்கள் தெரிந்தன. செதிலுக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

தை பிறந்தது. மற்ற மரங்கள் எதிர்பார்த்தபடி தளிர் விட்டுக்கொண்டு நின்றன. ஒருநாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் கொல்லையிலிருந்து ஓடிவந்தான். அவன் ஓடி நான் பார்த்ததில்லை.

"பாப்பா! வா, வா! உன் மரம் பூத்துருச்சு!"

போய்ப் பார்த்தேன். அடுக்களைப் பக்கத்தில், மேல் கிளைகளில், அங்கங்கே பூங்கொத்து நின்றது. தோப்பில் வேறு எந்த மரத்திலும் பூ இல்லை.

"பாத்தியா? நீ சொன்னே, நடந்துருச்சு! நான்தான் நம்பல" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மார்கழியிலிருந்து நான் அவனோடு சரியாகப் பேசவில்லை.

"அண்ணே, இது பறிக்காத பக்கம்."

"சரி."

"பறிக்காத பக்கம் பூக்கக் கூடாது. அதுதான் நான் சொன்னது."

"எந்தப் பக்கமா இருந்தா என்ன? மரம் உன் மரம். பூத்திருக்குல்ல?"

"பாதி மரத்த வெட்டினதால பூத்திருக்கலாம். அந்தப் பக்கம் மிச்சமானது இந்தப் பக்கம் வந்ததால பூத்திருக்கலாம். இல்ல, சும்மாவே பூத்திருக்கலாம். எதுன்னு எப்படிச் சொல்றது? வெட்டாம இருந்தா சொல்லியிருக்கலாம்!"

அவன் பூவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "பூக்கலேன்னாலும் திட்டுறே, பூத்தாலும் திட்டுறே" என்றான். நிஜமாகவே மனம் நொந்துபோய்த்தான் சொன்னான். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது யாரும் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அடுத்த காய்ப்பு வருஷத்துக்கு ஒரு முழு மரம் தருவதாக அண்ணன் தானாகவே சொன்னான். எது வேண்டும் என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னான். லைன் போகாத மூலையில் ஒன்றைக் காட்டினேன். ஆனால் அதற்குள் எனக்கு முசிறிக்கு வேலை மாறிற்று. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், யோசிக்க நேரமில்லை. அங்கேயே ஒரு வருஷத்துக்குள் கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளையும் டீச்சர், கணக்கு. மா காய்த்த வருஷம்தான். மூலை மரத்தில் மட்டும் அந்தத் தையில் மூடுபனி விழுந்து பூ முழுக்கக் கருகியது என்று பிறகு தெரிந்தது. நான் அங்கே இருந்திருந்தாலும் அளக்க ஒரு பிஞ்சு இருந்திருக்காது. இது ஆறுதலாக இருக்கவேண்டும். இல்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு மாசி மாதம் அண்ணன் முசிறிக்கு வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல், தோளில் இருந்த துண்டை அவிழ்த்தான். உள்ளே ஈர வாழைப்பட்டையில் சுற்றி ஏழெட்டு மாங்கொத்து. எல்லாவற்றிலும் பட்டாணியளவு பிஞ்சு.

"ஒவ்வொரு மரத்துலயும் ஒண்ணு ஒண்ணு ஒடிச்சாந்தேன். வியாபாரி வேற ஒரு பேச்சுப் பேசறாரு, உங்க அண்ணி வேற ஒரு பேச்சுப் பேசறா. உனக்குத்தான் தெரியுமே, எது நிக்கும் எது நிக்காதுன்னு. பாத்துச் சொல்லு" என்றான்.

அவ்வளவு வருஷத்தில் முதல்முறையாக, கேலி இல்லாமல், அவன் என்னைக் கேட்கிறான். பிஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல பிஞ்சுகள்.

"ஒரு தடவ அளந்து, ஒரு வாரம் கழிச்சு மறுபடி அளந்தாத்தான்ணே தெரியும். எது வளருது, எது நின்னுபோச்சுன்னு பாக்கணும்."

"சரி, அளந்து வச்சுக்க. அடுத்த வாரம் மறுபடி அளந்து சொல்லு."

"மரத்துல இருந்தாத்தானே வளரும்? ஒடிச்சுட்டு வந்தா எப்படிண்ணே சொல்றது?"

அவன் கொத்துகளைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தான், தலையைச் சொறிந்துகொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி போடப் போனேன்.